ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றும் நேரம்

எனக்கு மெதுவாகப் பேச வராது. பிறவிக் குணம். தம்பின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் கன்றுகளை வளர்க்கும் நர்சரியில் எனக்கு வேலை. இந்த முனையில் நின்று நான் பேசினால் அந்த முனையில் பைகளுக்கு மண் நிரப்புகிறவர்கள் பதில் சொல்வார்கள். வீட்டில் நான் வாயைத் திறந்ததும் என் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார், நானும் கூட்டுவேன். இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே மகள், ஐந்து வயதில் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

ஊமையாகப் பிறந்தவள் இல்லை. பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அவளுக்குத் திக்கும். "த... த..." என்று அவள் தொடங்கும்போதே, "தண்ணியா? இந்தா குடி" என்று நான் முடித்துவிடுவேன். "அ... அப்பா..." என்றால், "அப்பா லாரி எறக்கிட்டு வருவாரு, நீ போய் வெளையாடு" என்பேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைப்பு. அவள் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்து நான் கேட்டதே இல்லை என்பது, பிறகு ஒருத்தி எடுத்துச் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

பாலர் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அவளைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தாள், பையைக் கழற்றி வைத்தாள், அதோடு சரி. முதலில் பிடிவாதம் என்று நினைத்தோம். கொஞ்சினேன், மிரட்டினேன், ஒரு நாள் தொடையில் கிள்ளியும் விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வாயிலிருந்து "ஆ" என்றுகூட வரவில்லை. அந்தக் கிள்ளலை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள், தொண்டையைப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புகிறோம், சிரம்பானிலிருந்து தேதி வரும் என்றார்கள். தேதி வர மாதக் கணக்கில் ஆகும் என்று தெரிந்தது. அதற்குள் எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழா வந்துவிட்டது.

அன்றைக்கு நான் செய்த காரியத்தைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். உறுமி அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் சாமிக்குக் கேட்க வேண்டுமே என்று, "முனியாண்டி! எம்மவ வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசட்டும், அடுத்த வருசம் ஒனக்குக் கிடா வெட்டுறேன்!" என்று வயிற்றிலிருந்து கத்தினேன். நான் கத்தவும் உறுமி நிற்கவும் சரியாக இருந்தது. சாமிக்குக் கேட்டதோ இல்லையோ, கூட்டம் முழுக்கக் கேட்டுவிட்டது. மனதுக்குள் வேண்டிக்கொள்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, பிறகு சாமியோடு தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி போயிற்று.

வேண்டுதல் கிடா வீட்டில் வளர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். திருவிழா அன்று காலையில் பண்ணையிலிருந்து பிடித்துவந்து நிறுத்தினால், அது சாமியை ஏமாற்றுகிற வேலை. அதனால் அடுத்த வாரமே என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் முன் இருக்கையில் ஒரு கறுப்புக் கிடாக்குட்டியை வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். பால் மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். முட்டி மூட்டெல்லாம் எலும்பு.

"பேர் கீர் வைக்கக் கூடாது. அது சாமியோடது. தெரியுதா?" என்று மகளிடம் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். பெயர் வைக்கத்தான் வாய் வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பேச்சுப் பயிற்சிக்கான தேதி ஒருவழியாக வந்தது. பயிற்சி கொடுப்பவர் பாரோயிலிருந்து வருகிற ஓர் இளம்பெண். கொஞ்சமும் சத்தமில்லாத குரல். நான் அவரை 'மிஸ்' என்பேன், அவர் என்னை 'அக்கா' என்பார். மகளிடம் அவர் கேட்ட முதல் நான்கு கேள்விகளுக்கும் நான்தான் பதில் சொன்னேன். ஐந்தாவது கேள்விக்கு முன்னால் அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

"அக்கா, கொஞ்சம் வெளிய ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டு இருங்களேன்."

அன்றிலிருந்து நான் வெளி நாற்காலிதான். கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். மிஸ் ஒரு குவளையில் தண்ணீர் எடுத்து, இன்னொரு குவளையில் நிதானமாக ஊற்றிக்கொண்டே ஏதோ சொல்வார். தண்ணீர் விழுந்து முடிகிறபோதுதான் வாக்கியமும் முடியும். அந்த வேகத்தில் பேசிப் பழக வேண்டும், அதுதான் பயிற்சி. மகள் ஊற்றினாள். ஆனால் பேசவில்லை. எனக்கும் ஒரு பயிற்சி கிடைத்தது: அவள் எதையாவது சொல்ல வந்தால் குறுக்கே விழக் கூடாது, சொல்லிக் கொடுக்கக் கூடாது, முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதில் யாருக்குப் பயிற்சி கடினம் என்று என் கணவரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

குட்டி வந்து நாலு மாதம் இருக்கும். ஒரு சாயங்காலம் பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஆட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

"கு... கு... குடி."

கை சோப்பு நுரையோடு அப்படியே நின்றது. வாளியைக் குட்டியின் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள் மகள். மறுபடியும், "கு... குடி."

மிஸ் சொல்லிக் கொடுத்ததெல்லாம் காற்றில் போயிற்று. "ஐயோ, எம்புள்ள பேசிடுச்சு! என்னாங்க, ஓடியாங்க! பேசிடுச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பக்கத்து வரிசை வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். மகள் வாளிக்குப் பின்னால் ஒடுங்கினாள். குட்டி மிரண்டு வாளியைத் தட்டிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. சந்தோஷத்தால் பிள்ளையின் வாயை அடைத்த அம்மா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து அவளே மறுபடி தொடங்கினாள். இந்த முறை நான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் மிஸ்ஸின் குவளைப் பயிற்சியைக் குட்டியிடம் செய்துகொண்டிருந்தாள். குழாயில் ஒரு குவளை பிடித்து, குட்டியின் முதுகில் மெல்ல ஊற்றிக்கொண்டே, தண்ணீர் விழுகிற வேகத்தில், "நி...ல்லு. ஒண்ணும்... இல்ல. தண்ணி...தான்" என்றாள். ஆட்டுக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது. முதல் துளியிலேயே குட்டி உடம்பை உதறி அவளைக் குளிப்பாட்டிவிட்டது. அவள் சிரித்தாள். சிரிப்பில் திக்கல் எதுவும் இல்லை. மறுபடி ஒரு குவளை பிடித்தாள்.

நாள் தவறாமல் நடந்தது இது. குட்டி அசையாமல் நின்றால் ஒரு பலா இலை, உதறினால் இலை கிடையாது என்று அவளே ஒரு சட்டம் வைத்திருந்தாள். பலா இலைக்காக எங்கள் கிடா எதையும் செய்யும். கொஞ்ச நாளில் தண்ணீர் விழ விழக் கண்ணை மூடிக்கொண்டு, காதுகளைத் தொங்கவிட்டு, அவள் வாக்கியம் முடிகிற வரைக்கும் நிற்கப் பழகியது. அவளும் வாக்கியத்தை முடிக்கப் பழகினாள். வாக்கியங்கள் நீண்டன. பள்ளியில் நடந்தது, அப்பா லாரியில் மறந்து வைத்த குடை, அம்மா போட்ட சண்டை எல்லாம் கிடாவிடம் போயின. முதலாம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகத்தை அதற்கு வாசித்துக் காட்டினாள். ஒரு பாடத்தை அது தின்றும்விட்டது. ஆசிரியைக்கு நான் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தை அவர் நம்பினாரோ என்னவோ.

எங்களிடமும் இரண்டொரு வார்த்தை பேச ஆரம்பித்தாள். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. ஆனால் எல்லாம் வேலிக்கு உள்ளேதான். பள்ளியிலோ கடையிலோ பக்கத்து வீட்டிலோ, வாய் பூட்டினது பூட்டினதுதான்.

கணவர் எடுத்த கைத்தொலைபேசி வீடியோவை மிஸ்ஸுக்குக் காட்டினேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"அக்கா, இந்த ஆடு ஒங்க வீட்டுக்கு வந்ததே பெரிய விசயம். வெளிநாட்டுலல்லாம் வாசிக்கப் பயப்படற பிள்ளைங்களுக்குப் பக்கத்துல ஒரு நாயை ஒக்கார வச்சு வாசிக்கச் சொல்வாங்க. அது திருத்தாது, சிரிக்காது, அவசரப்படுத்தாது. நம்ம ஊர்ல மலாய்க்காரங்க நாயைத் தொட மாட்டாங்க, எல்லா எடத்துக்கும் கொண்டு போக முடியாது. ஆடுன்னா யாருக்கும் சங்கடமில்ல லா."

"ஆமா மிஸ்."

"கிடா குறுக்கே பேசாது பாருங்க, அதான் அவ பேசறா." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "இன்னும் நாலஞ்சு வருசம் அது அவகூட இருக்கட்டும். மெல்ல மெல்ல வெளியிலயும் பேசுவா. இப்போ அத மட்டும் பிரிச்சிடாதீங்க."

அது எதற்காக வாங்கிய கிடா என்று நான் அவரிடம் சொல்லவில்லை. வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட செய்திகள் குறைவு. அது ஒன்று. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, என் முட்டாள்தனத்தை நினைத்துப் பொருமினேன். பிள்ளை பேச வேண்டும் என்று கிடாவை நேர்ந்தேன். பிள்ளை அந்தக் கிடாவிடமே பேசுகிறாள். இப்போது பேசியதற்காக அந்தக் கிடாவை வெட்ட வேண்டும். வெட்டினால் அவள் வாய் மறுபடி மூடிக்கொள்ளும். வெட்டாமல் விட்டால், கொடுத்த வாக்கை மீறியதற்குச் சாமி கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டால்? இரண்டு வழியிலும் என் மகளின் பேச்சுதான் போகிறது.

கணவரிடம் கேட்டேன். "நீதானம்மா ஊருக்கே கேக்குற மாதிரி சொன்ன" என்றார். அன்று ஆட்டுக் கொட்டகையின் தகரத்தில் இருந்த ஓட்டையை ஏனோ உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருந்தார்.

பூசாரியிடம் போனேன். வாரநாட்களில் அவரும் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்தான். நீண்ட கொக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மர வரிசையில், நிறை என்போம், நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டார்.

"அண்ணே, கிடாவுக்குப் பதிலா பூசணிக்கா வெட்டுனா ஆகாதா? பொங்கல் வச்சு, எல்லாருக்கும் சாப்பாடு போட்டுடறேன்."

"தங்கச்சி, நீ பூசணிக்கான்னு கத்தியிருந்தா பூசணிக்காய வெட்டியிருப்பேன். கிடான்னு கத்துன. நான் கேட்டேன், எல்லாரும் கேட்டாங்க. நான் எப்படி லா மாத்தறது?"

"வேற வழியே இல்லையாண்ணே?"

"சாமியே வேணாம்னு சொன்னாத்தான் உண்டு. மஞ்சத்தண்ணி ஊத்துவோம்ல, கிடா ஒடம்பச் சிலிர்த்தா சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். அப்புறம்தான் வெட்டுறது. மூணு தடவ ஊத்தியும் சிலிர்க்கலைன்னா வேணாம்னு அர்த்தம்." கொக்கியைத் தோள் மாற்றிக்கொண்டார். "ஆனா நான் பூசாரியானதுலேருந்து சிலிர்க்காத கிடாவப் பாத்ததில்ல. தண்ணி பட்டா எந்த ஆடு சும்மா நிக்கும்?"

எனக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. தினம் சாயங்காலம் ஜன்னலில் நின்று பார்த்ததுதான். ஆனால் அது மகளின் பேச்சு. இது சாமி காரியம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க என் பயம் விடவில்லை.

திருவிழாவுக்கு முதல் நாள் மகளிடம் பாதிதான் சொன்னேன். "நாளைக்கு இவன சாமிகிட்டக் குடுக்கப் போறோம்."

அவள் கொஞ்ச நேரம் கிடாவின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "சா... சாமி... நல்லாப் பாத்துக்குமா?"

"பாத்துக்கும்" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கிடாவை மட்டும் கொண்டுபோய் விட்டுவிடலாம், மகளை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் திட்டம். கிடா ஒத்துக்கொள்ளவில்லை. கணவர் இழுத்தால் நான்கு காலையும் ஊன்றி நின்றது. பின்னாலிருந்து நான் தள்ளினேன், என்னைத் தள்ளிவிட்டது. கடைசியில் மகள் வந்து கயிற்றைப் பிடித்தாள். உடனே நடந்தது. கோயில் வரைக்கும் அவள் கூட்டி வரட்டும், தண்ணீர் ஊற்றுவதற்கு முன் அவளைச் சாப்பாட்டுக் கூடாரத்துக்குக் கூட்டிப் போய்விடுகிறேன் என்றார் கணவர்.

செம்பனை நிறைகளுக்கு நடுவே கோயில். கூடாரம் போட்டு, வாழை கட்டி, உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குச் சிரம்பான் பக்கம் போய்க் குடியேறியவர்கள்கூட அன்றைக்கு வந்துவிடுவார்கள். கிடாவின் கழுத்தில் மாலை விழுந்தது. நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். அரிவாளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கணவர் குனிந்து மகளின் கையைப் பிடித்தார். அவள் கயிற்றை விடவில்லை. விரல்களைப் பிரித்துப் பார்த்தார், பிரியவில்லை. அதற்குள் பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிவிட்டார். உறுமியை நிறுத்தினார்கள். கிடா சிலிர்க்கிறதா என்று பார்ப்பதற்காக, அந்த நேரத்தில் யாரும் மூச்சுக்கூட விடமாட்டார்கள்.

தண்ணீர் கிடாவின் தலையில் விழுந்தது.

"நி...ல்லு" என்றது ஒரு குரல். "ஒண்ணும்... இல்ல. தண்ணி...தான்."

என் மகள். அத்தனை பேருக்கு நடுவே. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிடாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, தண்ணீர் விழுகிற வேகத்திலேயே சொன்னாள். தினமும் சொல்கிற அதே வாக்கியம். செம்பு காலியாகவும் வாக்கியம் முடியவும் சரியாக இருந்தது. கிடா கண்ணை மூடிக்கொண்டு, காதுகளைத் தொங்கவிட்டு நின்றது. ஒரு மயிர்கூட அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கிடா தண்ணீருக்குச் சிலிர்க்காது. அது ஒரு பலா இலைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது.

"பேசுது பாரு, அந்தப் புள்ள பேசுது" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். எனக்கும் கத்த வேண்டும்போல் இருந்தது. எம்புள்ள பேசிடுச்சு என்று கத்த வேண்டும். ஐயா, அது பழக்கின ஆடு, தினம் தண்ணி ஊத்தி ஊத்திப் பழக்கினது என்று உண்மையையும் கத்த வேண்டும். இரண்டும் தொண்டை வரை வந்தன. முந்தானையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். வாளியும் நுரையுமாக நான் ஓடிய அந்த நாள் ஞாபகம் இருந்தது.

பூசாரி இரண்டாவது செம்பை ஊற்றினார். "நில்லு... ஒண்ணும் இல்ல..." கிடா நின்றது.

மூன்றாவது செம்பை அவர் முதுகெலும்பு நெடுக நீளமாக ஊற்றினார். கிடாவின் தோள்பட்டையில் தோல் ஒரு முறை துடித்தது. அரிவாள்காரர் காலை மாற்றி வைத்தார். மகள் தன் கையை அந்த இடத்தில் வைத்தாள். "ந... ந... நான்... இருக்கேன்ல" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது; நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. துடித்த தோல் அடங்கியது. செம்பும் காலியானது.

"இன்னும் ஒரு கொடம் ஊத்துங்க லா! நல்லா நனையல!" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

பூசாரி செம்பைக் கவிழ்த்து வைத்தார். கிடாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தார். நான் பேசாமல் நிற்பதை அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"மூணுதான் கணக்கு. நாலாவது ஊத்த எனக்கு உத்தரவு இல்ல" என்றார். "அய்யா கிடா வேணாங்குறாரு. புள்ள வாயத் தொறந்துடுச்சு, சபைல எல்லாரும் கேட்டாச்சு. போய் பொங்கல வைங்கப்பா."

உறுமி மறுபடி தொடங்கியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்து லாரி ஓட்டும் தன் முரட்டுக் கையால் என் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன்னும் பின்னும் நான் எங்கும் உட்கார்ந்ததில்லை. சாமியை ஏமாற்றினேனோ என்று சில நாள் யோசித்தேன். கிடாவை அவளிடம் கொண்டுவந்து சேர்த்ததே அந்தச் சாமிதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இன்றைக்கும் அந்தச் சமாதானம் நன்றாகத்தான் உழைக்கிறது.

அடுத்த தடவை சிரம்பான் போனபோது மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வாய் பிளந்து கேட்டார். கடைசியில், "அக்கா, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். பயிற்சிக் குவளையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். கிடாவைக் கோயில் ஆடு என்று இப்போது தோட்டமே சொல்கிறது. ஆனால் தூங்குவதும் தின்பதும் எங்கள் வீட்டில். மகள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இன்னமும் திக்குகிறாள், இருக்கட்டும். பள்ளியில் கையைத் தூக்கி, எழுந்து நின்று, திக்கித் திக்கியே பதில் சொல்கிறாளாம். ஆசிரியை காத்திருக்கிறாராம்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அன்றைக்குக் கோயிலிலிருந்து திரும்பிய வழிதான். நான் பொங்கலை வீட்டுக்குப் பொட்டலமாகத் தாப்பாவ் கட்டி எடுத்துக்கொண்டேன். முன்னால் மகளும், மஞ்சள் வழிகிற முதுகோடு கிடாவும். தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டுத் திருப்பத்தில் அவள் நின்றாள். கிடாவும் நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா... மூ... மூ..."

பழைய நானாக இருந்தால், "மூத்திரம் வருதா? வா, ஓரமாப் போலாம்" என்று முடித்திருப்பேன். கணவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். அவர் கையை அழுத்திப் பிடித்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. அதன் சத்தம் தேய்ந்து, திருப்பத்தில் மறையும் வரைக்கும் அவள் அதே எழுத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவசரமே இல்லை. எங்களிடம் அன்றைக்கு நேரம் நிறைய இருந்தது.

"மூ... மூணு தடவ... நி... நின்னுச்சு. நம்ம... இன்னும்... எ... எல குடுக்கல."

மண்டோர் வீட்டு வேலிக்கு உள்ளே ஒரு பலா மரம். பொங்கலைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, பட்டுச் சேலையோடு வேலிக் கம்பியில் ஏறி, யாரையும் கேட்காமல் ஒரு கிளையையே ஒடித்துக் கொண்டுவந்தேன். கிளை நிறைய இலை. அவள் மூன்றே மூன்று பறித்து, ஒவ்வொன்றாகக் கிடாவிடம் கொடுத்தாள்.